விலக விலக வளரும் பயம்: நடத்தைச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

மாணவர்களே, நாளை முதல் பாடவேளையில் நீங்கள் வகுப்பின் முன் நின்று மூன்று நிமிடம் மலாய்மொழியில் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பெயர்ப் பட்டியலைத் திறக்கிறார். உங்கள் பெயருக்கு முன் இன்னும் இரண்டு பெயர்கள்தாம் இருக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. நாக்கு வறண்டுபோகிறது. நியாலாஸ், ஆசாகான், சிலாண்டார் பக்கத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்களில் பலருக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும்.

வயிறு வலிக்கிறது என்று சொல்லிக் கழிப்பறைக்குப் போய்விடுகிறீர்கள். கதவைச் சாத்தியதும் படபடப்பு மளமளவென்று அடங்குகிறது. "அப்பாடா!" என்று இருக்கிறது.

இந்த "அப்பாடா"வைத்தான் நாம் இன்று ஆராயப் போகிறோம். பார்ப்பதற்குச் சின்ன நிம்மதி. ஆனால் அடுத்த வாரப் பயத்தைப் பெரிதாக்குவது இதுதான். இதைப் புரிந்துகொண்டால், நடத்தைச் சிகிச்சை என்ற முழு மருத்துவத் துறையின் வாசல் திறந்துவிடும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

படிவம் 3 அறிவியல் நூலின் முதல் பாடம் தூண்டலும் துலங்கலும். கண், காது போன்ற உறுப்புகள் தூண்டலைப் பெறுகின்றன, நரம்புகள் செய்தியைக் கொண்டு செல்கின்றன, உடல் துலங்குகிறது என்று அதில் படிக்கிறோம். பயமும் ஒரு துலங்கல்தான்.

மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. வடிவிலும் அளவிலும் அது பாதாம் பருப்பைப் போன்றது. ஆபத்து என்று தோன்றும் எதையும் அது வேகமாகக் கண்டுபிடித்து எச்சரிக்கை விடுக்கிறது. உடனே சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. செரிமானம் மெதுவாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது.

செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் இந்தத் துலங்கல் உயிரைக் காப்பாற்றும். வகுப்பின் முன் நிற்கும்போதும் இதே துலங்கல் எழுகிறது. அங்கே பாம்பு இல்லை, முப்பது சக மாணவர்கள்தாம் இருக்கிறார்கள். ஆனால் "நான் ஓடிப் போனேன், அதனால் பிழைத்தேன்" என்றே உங்கள் மூளை கணக்கு எழுதுகிறது. அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எனவே அடுத்த முறை எச்சரிக்கை மணியை இன்னும் சீக்கிரமாக அடிக்கிறது. திங்கள் காலை வரவேண்டிய பயம் ஞாயிறு மாலையே வந்துவிடுகிறது.

ஒரு செயலைச் செய்ததும் நமக்குப் பிடிக்காத ஒன்று நீங்கிவிட்டால், அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வோம். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பெயரைப் பார்த்து இதைத் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்காதது நீங்குவதால் பழக்கம் வலுப்பெறுகிறது, அவ்வளவுதான். நீங்கள் கழிப்பறைக்குப் போன செயல் இப்படித்தான் வலுப்பெறுகிறது.

நாயிலிருந்து முயல் வரை

பழக்கங்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் முதலில் அளந்து காட்டியவர்களில் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் முக்கியமானவர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டால் நாய்க்கு எச்சில் ஊறும். உணவு தருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பினால், நாளடைவில் அந்த ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறும். உணவே தராமல் ஒலியை மட்டும் பலமுறை எழுப்பினால், எச்சில் ஊறுவது படிப்படியாக நின்றுவிடும்.

இதில் இன்னொன்றையும் அவர் கவனித்தார். எச்சில் ஊறுவது நின்றுபோன நாயைச் சிறிது காலம் சும்மா விட்டுவிட்டு மீண்டும் ஒலி எழுப்பினால், எச்சில் கொஞ்சம் திரும்பி ஊறியது. பழைய பாடம் அழிந்துபோகவில்லை, அதன்மேல் ஒரு புதிய பாடம் எழுதப்பட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஒரு கைக்குழந்தையிடம் சோதனை செய்தார்கள். வெள்ளை எலியைக் கண்டு பயப்படாத குழந்தை அது. குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளுக்குப் பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பயத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது தெரிந்தது. ஆனால் கற்றுக்கொடுத்த பயத்தைப் போக்கிவிடாமலேயே ஆய்வு முடிந்துபோனது. ஒரு குழந்தையை வேண்டுமென்றே பயமுறுத்தும் இத்தகைய ஆய்வுக்கு இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதி தராது.

கற்றுக்கொண்ட பயத்தை எப்படிப் போக்குவது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர். 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்ற சிறுவன் வருகிறான். மூன்று வயதுகூட நிரம்பாத அவனுக்கு முயலைக் கண்டால் பயம். பஞ்சு, கம்பளி, மென்மயிர்க் கோட்டு எதைப் பார்த்தாலும் பயம். ஜோன்ஸ் அவனைத் திட்டவில்லை, முயலை அவன் மடியில் தூக்கிப் போடவும் இல்லை. அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டில் இருந்த முயலைத் தொலைவில் வைத்தார். அவன் அழாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டு வந்தார். முயலுக்குப் பயப்படாத மற்றக் குழந்தைகளும் அதனுடன் விளையாடுவதை அவன் பார்த்தான்.

நடுவில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வீடு திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்திவிட்டது. பழைய பயம் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மீண்டும் தொலைவிலிருந்தே தொடங்கினார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். தன் விரலை அது கொறிக்கவும் விட்டான்.

அந்த ஆய்வு பல ஆண்டுகள் அதிகம் கவனிக்கப்படாமல் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்காவில் இராணுவ மருத்துவராக இருந்த ஜோசப் வோல்பே, போர்ப் பயத்தால் வாடிய வீரர்களுக்கு மருந்து மட்டும் போதவில்லை என்று கண்டார். தளர்வுப் பயிற்சியையும் படிப்படியான நெருக்கத்தையும் இணைத்து ஒரு முறையை உருவாக்கி, 1958-இல் நூலாக வெளியிட்டார். மேரி கவர் ஜோன்ஸை "நடத்தைச் சிகிச்சையின் தாய்" என்று அழைத்தவரும் அவரே.

ஏணி கட்டுதல்

இப்போது வகுப்பில் பேசப் பயப்படும் மாணவிக்கு வருவோம். அவளைப் படிவம் 2 மாணவி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நடத்தைச் சிகிச்சை தெரிந்த ஒருவரிடம் அவள் போகிறாள். அங்கே என்ன நடக்கும்?

முதலில் கேள்விகள். எப்போது பயம் வருகிறது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? நீ என்ன செய்தாய்? அதன் பிறகு என்ன ஆனது? முன் நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்ற மூன்றையும் அட்டவணையாக எழுதச் சொல்வார். ஒரு வாரம் எழுதினால் போதும், பயம் எந்த வழியில் வருகிறது, எது அதற்குத் தீனி போடுகிறது என்பது தாளிலேயே தெரியும்.

அடுத்து ஏணி. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். 0 என்றால் பயமே இல்லை, 100 என்றால் தாங்கவே முடியாது. இந்த அளவுகோலை உருவாக்கியவரும் வோல்பேதான். நம் மாணவியின் ஏணி இப்படி இருக்கலாம்:

1. அறையில் தனியாக ஒரு பத்தியை உரக்கப் படித்தல்: 15
2. பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து தானே கேட்டல்: 25
3. வீட்டில் அக்காவிடம் பேசிக் காட்டுதல்: 30
4. ஓய்வு நேரத்தில் ஒரு தோழியிடம் மலாய்மொழியில் இரண்டு நிமிடம் பேசுதல்: 45
5. காலியான வகுப்பறையில் முன்னே நின்று இரண்டு தோழிகளிடம் பேசுதல்: 55
6. பாடம் நடக்கும்போது கையுயர்த்தி ஒரு கேள்வி கேட்டல்: 70
7. வகுப்பின் முன் ஒரு நிமிடம் பேசுதல்: 85
8. வகுப்பின் முன் மூன்று நிமிடம் பேசுதல்: 95

கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படியில் ஏறியபின் பயம் வந்தால் ஓடக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். அதே படியைப் பல நாள் திரும்பச் செய்ய வேண்டும். 45 என்று எழுதிய படி 20 ஆகும்போது அடுத்த படி.

ஒவ்வொரு படிக்கும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்?" என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். "எல்லாரும் சிரிப்பார்கள். என் குரல் நின்றுவிடும்" என்று மாணவி எழுதுகிறாள். முடிந்ததும் உண்மையில் நடந்ததை எழுத வேண்டும். "ஒருவன் சிரித்தான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. பேசி முடித்தேன்." இரண்டு வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மூளை பார்க்கிறது. எதிர்பார்த்தது நடக்காமல் போகும்போதுதான் புதிய பாடம் பதிகிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூளையின் முன்பகுதி இந்தப் புதிய பாடத்தைக் கொண்டு அமிக்டலாவின் எச்சரிக்கையைத் தணிக்கிறது.

பாவ்லோவின் நாயை இப்போது நினைத்துப் பாருங்கள். பழைய பாடம் அழிவதில்லை. நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பிறகு பயம் கொஞ்சம் தலைதூக்கலாம். பீட்டருக்கும் அப்படித்தான் நடந்தது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இரண்டு படி கீழே இறங்கி மீண்டும் ஏற வேண்டும், இரண்டாம் முறை ஏறுவது பெரும்பாலும் விரைவாகவே முடியும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுத் தேர்வு உண்டு என்பதால், இந்த ஏணியைப் படிவம் 2-இல் கட்டுவது படிவம் 5-இல் கட்டுவதைவிட எளிது.

ஒரு மந்திரக் கயிறு போன்ற பொருள்களையும் சிகிச்சையாளர் கவனிப்பார். தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தல், ஒரே தோழியை மட்டும் பார்த்துப் பேசுதல் போன்றவை பயத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஆனால் "தாள் இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிவிடும். மேல்படிகளுக்குப் போகும்போது இவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும்.

"உளறினால் என் மானமே போய்விடும்" என்பது போன்ற எண்ணங்களையும் சேர்த்து ஆராய்ந்து மாற்றுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இந்த வழியை வளர்த்தார். சி.பி.டி. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான்.

பசார் மாலாமில் அழும் தம்பி

நடத்தைச் சிகிச்சை பயத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பி. எஃப். ஸ்கின்னர், ஒரு செயலின் பின்விளைவு அச்செயலை எப்படி வளர்க்கிறது, குறைக்கிறது என்று எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்தார். அந்த விதி நம் வீட்டிலும் வேலை செய்கிறது.

பசார் மாலாமில் உங்கள் தம்பி பொம்மைக் கார் கேட்டு அழுகிறான். அம்மா முதலில் மறுக்கிறார். அழுகை கூடுகிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். தம்பி கற்றது: அழுதால் கார் கிடைக்கும். அம்மா கற்றது: கொடுத்தால் அழுகை நிற்கும். ஒரே நிமிடத்தில் இருவருக்கும் பாடம் பதிந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மா உறுதியாக மறுத்தால் அழுகை முதலில் கூடத்தான் செய்யும். பலர் அந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். பத்துமுறை மறுத்துப் பதினோராம் முறை கொடுத்தால் பழக்கம் இன்னும் கெட்டியாகும், ஏனென்றால் "விடாமல் அழுதால் எப்போதாவது கிடைக்கும்" என்று தம்பி கற்றுக்கொள்கிறான். அழும்போது கவனிக்காமல் இருப்பதோடு, அமைதியாகக் கேட்கும்போது உடனே கவனித்துப் பாராட்டவும் வேண்டும் என்று பெற்றோருக்குச் சிகிச்சையாளர்கள் பயிற்சி கொடுக்கிறார்கள். சிறு குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களில் பெரும்பாலும் பயிற்சி பெறுபவர்கள் பெற்றோர்தாம்.

கோவாவில் ஒரு சோதனை

மனச்சோர்வுக்கும் நடத்தைச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு வந்தவருக்கு எதையும் செய்யப் பிடிக்காது. பந்து விளையாடுவதை நிறுத்துகிறார். நண்பர்களைப் பார்ப்பதை நிறுத்துகிறார். மகிழ்ச்சி தரும் செயல்கள் குறையக் குறைய மனம் மேலும் சோர்கிறது. இங்கும் விலகல்தான் நோய்க்குத் தீனி. "மனம் சரியானதும் செய்வேன்" என்று காத்திருக்காமல், சிறிய செயல்களைத் திட்டமிட்டு முதலில் செய்யத் தொடங்குவதுதான் சிகிச்சை. செயல் முதலில் வரும், மனநிலை பின்னால் வரும்.

இதை யார் கொடுக்க முடியும்? இந்தியாவின் கோவா மாநிலத்தில் விக்ரம் பட்டேல் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் இக்கேள்வியைச் சோதித்தார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பெரியவர்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவப் பராமரிப்பு. மற்றொரு பிரிவுக்கு அதனுடன் 6 முதல் 8 அமர்வுகள் கொண்ட நடத்தைச் சிகிச்சை. அதைக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், உளவியல் பட்டதாரிகளும் அல்லர். அதே ஊர்களைச் சேர்ந்த சாதாரண மக்கள். ஆனால் அவர்களுக்கு முறையான பயிற்சி இருந்தது, பின்பற்ற ஒரு கையேடு இருந்தது, அவர்களின் அமர்வுகளைத் தொடர்ந்து கவனித்துத் திருத்த ஏற்பாடு இருந்தது.

முடிவு 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர் நோயின் பிடியிலிருந்து மீண்டிருந்தனர். நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மீண்டிருந்தனர்.

இந்த எண்களை ஓர் அறிவியல் மாணவராகப் பாருங்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு பிரிவு இருந்திராவிட்டால் 64 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் சிலர் எப்படியும் குணமடைவார்கள். அதே சமயம், சிகிச்சை பெற்ற 100 பேரில் 36 பேர் இன்னும் மீளவில்லை என்பதையும் அது சொல்கிறது. எல்லாருக்கும் பலிக்கும் சிகிச்சை எதுவும் இல்லை.

ஊசியைக் கண்டால் மயக்கம்

ஏணி கட்டுவது இவ்வளவு எளிதென்றால், நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். சிறிய பயங்களுக்குச் செய்யலாம். ஆனால் எந்தச் சிக்கலுக்கு எந்த முறை என்று பிரித்தறியப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் 2010 முதல் மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படுகிறது. அந்த வரிசையில் நிற்கும்போது ஓரிருவர் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மற்றப் பயங்களில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இரத்தம், ஊசி பற்றிய பயத்தில் மட்டும் முதலில் உயர்ந்த அழுத்தம் திடீரெனச் சரிந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. இத்தகையவரிடம் "உடலைத் தளர்த்திக்கொள், ஆழமாக மூச்சு விடு" என்றால் மயக்கம் இன்னும் எளிதாக வரக்கூடும்.

சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு நேர்மாறான வழியைச் சோதித்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்க வேண்டும், முகம் சூடாவதை உணரும் வரை. பிறகு 20 முதல் 30 விநாடி விட்டுவிட்டு மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. தசைகள் இறுகும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது, மயக்கம் தடுக்கப்படுகிறது. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். உங்களுக்கு மயங்கும் பழக்கம் இருந்தால் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், படுக்கவைத்துப் போடுவார்.

யார் யார் இதைச் செய்கிறார்கள்?

மனநலத் துறையில் பல பெயர்கள் கலந்து ஒலிக்கின்றன. பிரித்துத் தெரிந்துகொள்வோம்.

மனநல மருத்துவர்: மருத்துவம் படித்து, அதன்பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் இளங்கலைக்குப் பிறகு மருத்துவ உளவியலில் முதுகலைப் பட்டமும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் பெற்றவர். உளவியல் சோதனைகள் செய்வார், நடத்தைச் சிகிச்சையும் சி.பி.டி.யும் கொடுப்பார். மருந்து எழுத மாட்டார். 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் இவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கவுன்சலர்: ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்றவர். 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர்கள் சட்டத்தின் (சட்டம் 580) கீழ் கவுன்சலர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் "கே.பி., பி.ஏ." என்ற எழுத்துகளைக் காணலாம். பி.ஏ. என்றதும் கலைப் பட்டம் என்று நினைக்க வேண்டாம். "கவுன்சலோர் பெர்டாஃப்தார்", அதாவது பதிவு பெற்ற கவுன்சலர், "பெராகுவான் அமாலான்", அதாவது தொழில் நடத்தும் சான்றிதழ் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது.

சாரா கெர்ஜா சிகிச்சையாளர்: மருத்துவமனையில் இந்தப் பெயரில் ஒரு பிரிவைப் பார்க்கலாம். உடுத்துதல், எழுதுதல், விளையாடுதல் போன்ற அன்றாடச் செயல்களைச் செய்யச் சிரமப்படுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். ஆட்டிசம் உள்ள சிறார்களுடன் அதிகம் வேலை செய்பவர்கள் இவர்கள்.

பள்ளி ஆலோசக ஆசிரியர்: உங்களுக்கு மிக அருகில் இருப்பவர். "பிம்பிங்கான் டான் கவுன்செலிங்" என்று கதவில் எழுதியிருக்கும் அறையில் இருப்பார். ஒழுங்கு தவறியவர்களை அனுப்பும் அறை என்று அதை நினைத்து விலகிப் போகும் மாணவர்கள் உண்டு. தண்டனை கொடுப்பது ஒழுங்கு ஆசிரியரின் துறை. ஆலோசக ஆசிரியரின் வேலை வேறு. நீங்கள் சொல்வதை அவர் இரகசியமாக வைத்துக்கொள்வார். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே உங்களிடம் விளக்குவார்.

பள்ளியில் தீராத சிக்கல் என்றால் அடுத்த படி அரசாங்கச் சுகாதார கிளினிக். அங்குள்ள மருத்துவர் பரிசோதித்து, தேவையானால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். மலாக்கா மருத்துவமனையில் அப்பிரிவு இருக்கிறது. தனியார் நிலையத்துக்குப் போனால், பதிவு பெற்றவரா என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2022-இல் சுகாதார அமைச்சு நாடளாவிய நிலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் ஏறும் ஒரு பள்ளிப் பேருந்தில் பத்து பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை பயந்து ஒடுங்கினால் கோவிலுக்கு அழைத்துப்போய்த் திருநீறு போடுவார்கள், வேப்பிலையால் மந்திரிப்பார்கள். அன்புள்ளவர்கள் கூடிநின்று கவலைப்படுவது பிள்ளைக்கு ஆறுதல் தரும். அந்த ஆறுதலோடு கிளினிக்குக்கும் போகலாம். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. தள்ளிப்போடுவதுதான் கெடுதல், ஏனென்றால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் விலகல் பழக்கம் வலுப்பெறுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பல்லிக்குப் பயப்படும் தோழியின் மேல் பல்லியைத் தூக்கிப் போட்டுவிட்டு "பயத்தைப் போக்கினேன்" என்று சொல்லாதீர்கள். ஏணியில் ஏறுபவர் தாமே சம்மதித்து, தம் வேகத்தில் ஏற வேண்டும். வற்புறுத்தினால் வாட்சன் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். இரண்டாவது, யாராவது உங்களைத் துன்புறுத்துவதால் வரும் பயம் வேறு. அந்தப் பயம் சரியான எச்சரிக்கை. அதற்கு ஏணி கட்டக் கூடாது, நம்பகமான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ நண்பருக்கோ வந்தால் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. துன்புறுத்தலுக்கு ஆளானால் தாலியான் காசே 15999. இந்த இரண்டு எண்களையும் பயிற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு சிறிய பயத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டு, கரப்பான் பூச்சி, கடைக்காரரிடம் மீதிக் காசு கேட்பது, எதுவாகவும் இருக்கலாம். நான்கு நாள் அட்டவணை எழுதுங்கள்: முன்னால் என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், பின்னால் என்ன ஆனது. ஐந்தாம் நாள் ஐந்து படி ஏணி ஒன்று வரைந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுங்கள். முதற்படியில் மட்டும் ஏறுங்கள். எதிர்பார்த்ததையும் நடந்ததையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். பயம் 50-க்கு மேல் போனால், அல்லது தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது ஆகியவற்றைக் கெடுத்தால், அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு ஆலோசக ஆசிரியரின் கதவைத் தட்டுங்கள். அவர் முதலில் கேட்கப் போகும் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.